கட்டி கரைந்த வேகத்தை நம்பிவிட்டோம்: முதியவர் உடலில் மெர்க்கல் செல் புற்றுநோயும் கீமோவும்

அப்பாவுக்கு 78 வயது. இடது கன்னத்தில், காதுக்குச் சற்று முன்னால், பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. செம்மையும் ஊதாவும் கலந்த நிறம். மேலே தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தது. அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருந்தது, வலி துளியும் இல்லை. வலி இல்லாததால்தான் யாரும் பயப்படவில்லை. சவரம் செய்யும்போது இடறுகிறது என்பதைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்து வாரத்தில் அது இரண்டு மடங்கானது. கொழுப்புக்கட்டி என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. அடுத்த ஆறு வாரத்தில் அந்தத் தழும்பின் ஓரத்திலேயே மறுபடி புடைத்தது. இந்த முறை கழுத்தில் நெறியும் கட்டியிருந்தது. ஆக மொத்தம் பதினொரு வாரம் போய்விட்டது. நாள்கணக்கில் வளரும் நோயில் பதினொரு வாரம் என்பதை இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. உடம்பிலிருந்து வெட்டி எடுக்கும் எந்தச் சதையும், எவ்வளவு சிறியதானாலும், பார்வைக்கு எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும், பயாப்சிக்குப் போகவேண்டும். வெட்டுவதற்கு முன்பே "இதைப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

நோயின் பெயர் மெர்க்கல் செல் கார்சினோமா. தொடு உணர்வோடு தொடர்புள்ள மெர்க்கல் செல்களை ஃப்ரீட்ரிஷ் மெர்க்கல் என்ற ஜெர்மானியர் 1875இல் விவரித்தார். இந்தப் புற்றுநோயைத் தனியொரு நோயாக சிரில் டோக்கர் எழுதியது 1972இல். இதன் பின்னால் ஒரு பாலியோமா வைரஸ் இருக்கிறது என்று கண்டுபிடித்தது 2008இல்தான். வைரஸ் இல்லாத கட்டிகளும் உண்டு, அவை பெரும்பாலும் பல்லாண்டு வெயில் தோலில் செய்த கேட்டால் வருபவை. நோய் அவ்வளவு அரிது என்பதால் ஒரு தோல் மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு பேரைத்தான் பார்த்திருப்பார், பொது மருத்துவர் ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. சந்தேகப்பட வேண்டிய அடையாளங்களை நாம் தெரிந்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு: வலியற்ற கட்டி, மூன்று மாதத்துக்குள் வேகமாகப் பெரிதாவது, 50 வயதைத் தாண்டியவர், வெயில் படும் இடம், எதிர்ப்புச் சக்தி குன்றிய உடம்பு. இவற்றில் மூன்று சேர்ந்து வந்தாலே காத்திருக்காதீர்கள். அப்பாவிடம் நான்கு இருந்தன.

இரண்டாவது முறை சதையை அனுப்பினோம். முதலில் வந்த அறிக்கை 'சிறிய உருண்டையான நீலச் செல்கள்' என்றது. நிணநீர்ப் புற்றாக இருக்கலாம், நுரையீரலின் சிறுசெல் புற்று தோலுக்குப் பரவியதாகவும் இருக்கலாம் என்றது. வீட்டில் ஆளாளுக்கு ஒரு பக்கமாக ஓடத் தொடங்கினோம். உண்மையில் அந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதே சதையில் சாயப் பரிசோதனைகள். சிகே20 என்ற சாயம் மெர்க்கலில் செல்லின் உட்கருவை ஒட்டி ஒரு புள்ளிபோல் பிடிக்கும். டிடிஎஃப்-1 நுரையீரல் சிறுசெல் புற்றில் பெரும்பாலும் பிடிக்கும், மெர்க்கலில் பிடிக்காது. எல்சிஏ நிணநீர்ப் புற்றில் பிடிக்கும், இதில் பிடிக்காது. சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் ஆகியவை இது நரம்பு-நாளமில்லா வகைக் கட்டி என்று உறுதிசெய்யும். இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், அறிக்கையில் இந்த வரிகள் இல்லாமல் கீமோ தொடங்கக்கூடாது. மெர்க்கலுக்கும் நுரையீரல் சிறுசெல் புற்றுக்கும் கீமோ மருந்து ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும், நோய் எது என்பதைப் பொறுத்து மற்ற வழிகள் முற்றிலும் மாறிவிடும். மெழுகில் பதித்த அந்தச் சதைக்கட்டியை, அதாவது பாரஃபின் பிளாக்கை, கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது கருத்துக்கும் பின்னால் வேறு சிகிச்சைக்கும் அதைத்தான் கேட்பார்கள். கோடையில் காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

பெட் ஸ்கேனில் கழுத்து நெறிகளோடு ஈரலிலும் இரண்டு இடம் ஒளிர்ந்தது. நான்காம் நிலை. கட்டி தோலோடு நின்றிருந்தால் வழி வேறு. அகலமாக வெட்டி எடுப்பதும், அதே வேளையில் நோய் முதலில் சென்று சேரக்கூடிய நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்ப்பதும், பிறகு தாமதமில்லாமல் கதிர்வீச்சுத் தருவதும்தான் அங்கே முதன்மை. கையில் நெறி தட்டுப்படாதவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த முடிச்சில் நோய் ஒளிந்திருக்கும், அதனால் அந்தச் சோதனையைத் தவிர்க்கச் சம்மதிக்காதீர்கள். முழுவதும் வெட்டி எடுத்தபின் 'எதற்கும் இருக்கட்டும்' என்று முதியவருக்குக் கீமோ தருவதால் ஆயுள் கூடுகிறது என்று நிரூபணமாகவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

பரவிய நோயில் இன்று முதலில் நினைக்க வேண்டியது இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து. அமெரிக்காவில் 2017 மார்ச்சில் அவெலுமாப் அனுமதி பெற்றது, 2018 டிசம்பரில் பெம்ப்ரோலிசுமாப், 2023 மார்ச்சில் ரெடிஃபான்லிமாப். கீமோவுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே ஒருவர் எங்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கீமோவில் பாதிப் பேருக்கு மேல் கட்டி சுருங்கும், அதுவும் கண்ணெதிரே சுருங்கும். ஆனால் பலருக்கு மூன்று மாத அளவில் மறுபடி வளரத் தொடங்கிவிடும். இம்யூனோதெரபியிலும் கிட்டத்தட்ட அதே அளவு பேருக்குச் சுருங்குகிறது, ஆனால் சுருங்கியவர்களில் பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது. ஆகவே கீமோவைக் கையில் எடுப்பது மூன்று நிலைமைகளில்: இம்யூனோதெரபி வேலை செய்யாதபோது, உறுப்பு மாற்று அல்லது கடுமையான தன்னெதிர்ப்பு நோய் காரணமாக அதைத் தரத் தயங்கும்போது, அந்த மருந்து கைக்கு எட்டாதபோது. எங்களுடையது மூன்றாவது. எட்டாத மருந்தைப் பற்றிப் பேசி என்ன என்று அப்போது அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். அதுதான் பெரிய தவறு, பின்னால் சொல்கிறேன்.

கீமோ என்று முடிவானது. மெர்க்கலுக்கு வழக்கமாகத் தருவது கார்போபிளாட்டின், எடோபோசைடு என்ற இரண்டும் சேர்ந்தது. முதல் நாள் இரண்டும், இரண்டாம் மூன்றாம் நாள் எடோபோசைடு மட்டும், 21 நாளுக்கு ஒரு சைக்கிள், நான்கு முதல் ஆறு சைக்கிள். கார்போபிளாட்டினுக்குப் பதில் சிஸ்பிளாட்டினும் உண்டு. ஆனால் அது சிறுநீரகத்தையும் காதையும் நரம்பையும் அதிகம் தாக்கும், லிட்டர் கணக்கில் நீர் ஏற்ற வேண்டும், முதியவரின் இதயம் அதைத் தாங்காது. எழுபதைத் தாண்டியவருக்கு சிஸ்பிளாட்டின் எழுதினால் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் முதியவருக்கு எல்லாம் தவறிப்போகும் இடம் இதுதான். கார்போபிளாட்டின் அளவை உடல் பரப்பை வைத்துப் போடுவதில்லை, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை வைத்துப் போடுகிறார்கள். கால்வெர்ட் சூத்திரம் என்பார்கள்: ஏயூசி என்ற இலக்கு எண்ணை, அதாவது உடம்பில் மருந்து எவ்வளவு படவேண்டும் என்பதற்கு டாக்டர் வைக்கும் எண்ணை, வடிகட்டும் வேகத்தோடு 25ஐக் கூட்டி வருவதால் பெருக்கினால் மில்லிகிராம் வரும். வடிகட்டும் வேகத்துக்கு 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 பெருக்கல் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு, ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார்கள். பெண்ணானால் அதை 0.85ஆல் பெருக்க வேண்டும். அப்பாவுக்குக் கிரியேட்டினின் 1.0, எடை 54 கிலோ. ஆய்வக அறிக்கையில் பக்கத்தில் 'நார்மல்' என்றே அச்சிட்டிருந்தது. கணக்குப் போட்டால் 62 பெருக்கல் 54 வகுத்தல் 72, அதாவது 46.5. ஏயூசி 5 என்றால் 358 மி.கி. அதே கிரியேட்டினின் 1.0 உள்ள 50 வயதுக்காரர், 70 கிலோ என்றால் 87.5 வருகிறது, மருந்து 563 மி.கி. ஒரே 'நார்மல்', ஆனால் மருந்து ஒன்றரை மடங்கு. தசை வற்றிய முதியவருக்குக் கிரியேட்டினின் குறைவாகக் காட்டும், சிறுநீரகம் நன்றாக இருப்பதாக அது நம்மை ஏமாற்றும். 0.6 என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், அதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் மருந்து எகிறிவிடும். பல மருத்துவமனைகள் கீழ் எல்லையாக 0.7 அல்லது அதற்குச் சற்று மேலான எண்ணைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். எடோபோசைடிலும் சிறுநீரகத்துக்குப் பங்குண்டு. வடிகட்டும் வேகம் 15க்கும் 50க்கும் இடையில் இருந்தால் வழக்கமான அளவில் 75 சதவீதம் என்பது அந்த மருந்தின் குறிப்பிலேயே உள்ள விதி. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தாலும் இந்த மருந்தின் நச்சு கூடும். முதல் சைக்கிளில் அப்பாவுக்குக் கார்போபிளாட்டின் அளவு சரியாக இருந்தது, எடோபோசைடைக் குறைக்காமல் கொடுத்துவிட்டார்கள். சதுர மீட்டருக்கு 100 மி.கி. கணக்கில் 155 மி.கி. ஏறியது, ஏறியிருக்க வேண்டியது 116. இதை நாங்கள் கண்டுபிடித்தது டிஸ்சார்ஜ் தாளைப் பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான்.

ஆகவே முதல் டிரிப்புக்கு முந்தைய நாள் நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வயது, இன்று நிறுத்துப் பார்த்த எடை, கிரியேட்டினின், அல்புமின். டாக்டரிடம் "வடிகட்டும் வேகம் எவ்வளவு வருகிறது, இரண்டு மருந்தையும் அதற்கேற்பப் போட்டிருக்கிறீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் எடையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், நோயாளி மெலிந்துகொண்டே போவார்.

தொடங்கும் முன் இன்னும் சில. ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம், உறங்கிக் கிடக்கும் கிருமி கீமோவில் எழுந்து ஈரலைக் கெடுக்கும். ஆடும் பல், சீழ் வைத்த ஈறு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள், பெயரைச் சொல்லி ஒப்பித்தால் ஏதாவது விட்டுப்போகும். மூட்டுவலிக்கு வாங்கித் தின்னும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகைகள் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, தட்டணு குறையும் நாளில் ரத்தக்கசிவையும் கூட்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு கீமோ வாரங்களில் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் எண், ஏறும், அடிக்கடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையும் நீர்போகும் மாத்திரையும் வாந்தி பேதி உள்ள நாளில் தொடரலாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். கடந்த ஆறு மாதத்தில் விழுந்தாரா, காது கேட்கிறதா, ஒரு தெருவளவு நடப்பாரா, மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்வாரா என்று கேட்டு மதிப்பெண் போடும் முதியோர் மதிப்பீடு ஒன்று உண்டு. கீமோவைத் தாங்குவாரா என்பதைப் பிறந்த தேதியைவிட அது நன்றாகச் சொல்லும். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த வருடத்தில் அப்பா குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்ததைச் சொல்லியிருப்போம்.

டிரிப் ஏறும் நாட்கள் வெளியில் இருந்து பார்த்துப் பயப்படும் அளவுக்கு இல்லை. கார்போபிளாட்டின் குளுக்கோஸில் கலந்து அரை மணியிலிருந்து ஒரு மணி. எடோபோசைடு சலைனில், மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் படிகம் கட்டும். அதனால் 116 மி.கி.க்கே குறைந்தது 290 மில்லிலிட்டர் வேண்டும். மூன்று நாளும் இவ்வளவு நீர், இதயம் பலவீனமானவருக்கு இது சின்ன விஷயமல்ல, கால்வீக்கத்தையும் மூச்சையும் பாருங்கள். முக்கியமானது, இது வேகமாக ஏறினால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். குறைந்தது அரை மணி, முதியவருக்கு ஒரு மணி என்பது நல்லது. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் டிரிப்பின் வேகத்தைக் கூட்டும் உருளையைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் உடனே எழுப்பாதீர்கள், பத்து நிமிடம் உட்காரவைத்துப் பிறகு பிடித்து நிறுத்துங்கள். ஊசி குத்திய இடம் எரிகிறது என்றால் அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள். முதல் 48 மணி நேரம் சிறுநீர், வாந்தி, மலம் எல்லாவற்றிலும் மருந்து கலந்திருக்கும், கையுறை போட்டுத் துடையுங்கள், கழிவறையில் இரண்டு முறை நீர் விடுங்கள்.

வாந்திக்கு மூன்று மருந்து சேர்த்துத் தருவார்கள்: அப்ரெபிடன்ட், ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன். வாந்தி அப்பாவுக்கு வரவே இல்லை. வந்தது மலச்சிக்கல், ஒண்டான்செட்ரான் தந்த பரிசு. முதல் நாளே மலமிளக்கி தொடங்கியிருக்க வேண்டும், நான்காம் நாள் துடித்தபிறகு தொடங்கினோம். டெக்சாமெத்தசோனை மாலையில் கொடுத்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் நடந்தவரைப் பிடித்துக்கொண்டு அலைந்தோம். அதைக் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு அந்த நாட்களில் தினமும் பரிசோதியுங்கள், தாறுமாறாக ஏறும்.

மூன்று நாள் முடிந்து வீட்டுக்கு வந்த அப்பா முதல் வாரம் நன்றாக இருந்தார். "இவ்வளவுதானா?" என்று அவரே கேட்டார். பதினோராவது நாள் காலை சட்டைப் பொத்தானை ஒன்று விட்டு ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சரிசெய்யச் சொன்னோம், மறுபடியும் அப்படியே போட்டார். "இன்று ஆஸ்பத்திரி உண்டா?" என்று அரை மணிக்குள் நான்கு தடவை கேட்டார். உடம்பைத் தொட்டால் சூடில்லை. தெர்மாமீட்டர் 37.6 காட்டியது. காய்ச்சல் இல்லையே, அசதிதான் என்று படுக்கவைத்தோம். உடம்புவலி என்று அவர் முந்தின இரவிலிருந்து ஆறு மணிக்கொரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. காய்ச்சலை அந்த மாத்திரை மறைத்திருந்தது. மாலையில் கைகால் நடுங்கத் தொடங்கியபின் ஓடினோம். கிருமியோடு போராடும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் 120. ரத்த அழுத்தம் மேலெண் 80. ஒன்பது நாள் படுக்கை. அந்த ஒன்பது நாளில் அவர் இழந்த கால் பலம் கடைசிவரை முழுதாகத் திரும்பவில்லை.

இந்த நோயில் நான் ஒன்றே ஒன்றை உரக்கச் சொல்ல முடியுமானால் அது இதுதான். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளையணு தரைமட்டத்துக்கு இறங்கும். அந்த வாரத்தில் காலை, மாலை, உடம்பு சரியில்லை என்று தோன்றும் எந்த நேரமும் வெப்பம் பாருங்கள். 38.3 டிகிரி ஒரே ஒரு முறை, அல்லது 38 ஒரு மணி நேரம் நின்றால், அதாவது ஃபாரன்ஹீட்டில் 101, 100.4, இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். வெப்பம் பார்க்காமல் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமலும் கிருமி ரத்தத்தில் ஏறும். குழப்பம், சட்டென்ற தளர்ச்சி, விழுவது, சாப்பிட மறுப்பது, சிறுநீர் குறைவது இவையெல்லாம் அந்த வாரத்தில் காய்ச்சலுக்குச் சமம். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியம் "கீமோ போட்டுப் பதினோரு நாள் ஆகிறது, வெள்ளையணு குறைந்திருக்கலாம்" என்பதாக இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏறவேண்டும், ரத்தப் பரிசோதனை முடிவுக்காக அது காத்திருக்கக் கூடாது. வரிசையில் உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள். கீமோ போட்ட தேதி, மருந்தின் பெயர், டாக்டரின் எண் எழுதிய அட்டையை நோயாளியின் சட்டைப்பையிலேயே வையுங்கள்.

இரண்டாவது சைக்கிளில் இரண்டு மருந்தையும் குறைத்தார்கள், வெள்ளையணுவைப் பெருக்கும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியும் சேர்த்தார்கள். 65 தாண்டியவருக்கு இந்த ஊசியை முதல் சைக்கிளிலிருந்தே யோசிக்க வேண்டும் என்பதை அப்புறம்தான் அறிந்தோம். கடைசி கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போடவேண்டும், அதாவது நான்காம் நாள். பெக்ஃபில்கிராஸ்டிம் என்றால் 6 மி.கி. ஒரே ஊசி, ஃபில்கிராஸ்டிம் என்றால் தினமும் சில நாட்கள். குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். உறையும் பகுதியில் வைத்து ஒரு ஊசியை வீணாக்கினோம். போட்ட இரண்டாம் மூன்றாம் நாள் இடுப்பும் முதுகெலும்பும் வலிக்கும். அது எலும்பு மஜ்ஜை வேலை செய்யும் வலி, நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று பதற வேண்டாம். அடுத்த சைக்கிளுக்கு நியூட்ரோஃபில் 1,500, தட்டணு ஒரு லட்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரம் தள்ளுவார்கள். தள்ளினால் நோய் வளர்ந்துவிடும் என்று டாக்டரை நெருக்காதீர்கள், அந்த ஒரு வாரம் உயிரைக் காக்கும் வாரம்.

இனி கட்டியைப் பற்றி. முதல் சைக்கிளின் ஐந்தாம் நாளே கன்னத்துப் புடைப்பு இளகியது. மூன்றாம் வாரம் முகம் பழையபடி ஆகிவிட்டது. கண்ணாடி முன் நின்று அப்பா கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மகிழ்ச்சியை எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை. தொலைபேசியில் உறவினர்களிடம் 'குணமாகிவிட்டது' என்றோம். இரண்டாவது சைக்கிளுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் ஈரல் புள்ளிகளும் பாதியாகியிருந்தன. நான்கு சைக்கிளோடு நிறுத்தினார்கள், அதற்குமேல் உடம்பு தாங்காது என்றார்கள், அது சரியான முடிவு. விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன, எடை 49 கிலோ.

எங்கள் தவறு அங்கேதான். மெர்க்கல் கீமோவுக்கு வேகமாகப் பணியும், அதே வேகத்தில் திமிறி எழும். அந்த இடைவெளியில் அடுத்த சிகிச்சையைத் தயார் செய்திருக்க வேண்டும், நாங்கள் கொண்டாடிவிட்டோம். இம்யூனோதெரபி எட்டாது என்றால் எட்டவைக்கும் வழிகள் உண்டு: மருந்து நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டங்கள், மருத்துவ ஆய்வுகளில் இடம், காப்பீட்டு மேல்முறையீடு. இவை எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் தாள் வேலை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அந்தப் பாரஃபின் பிளாக்கும் சாய அறிக்கையும் வேண்டும். கீமோவின் முதல் சைக்கிள் ஏறும் நாளிலேயே விண்ணப்பம் கிளம்பியிருக்க வேண்டும். நாங்கள் அனுப்பியது, நிறுத்திப் பத்தாவது வாரத்தில் கழுத்தில் மறுபடி நெறி தட்டியபின். மூன்றாவது மாதம் கன்னம் பழைய அளவுக்கு வீங்கியது. அனுமதி வந்தபோது அப்பா படுக்கையில் இருந்தார். இரண்டு முறைதான் அந்த மருந்து ஏறியது.

கட்டி வெடித்துக் கசியத் தொடங்கியபோது ஒரு கதிர்வீச்சு மருத்துவர் ஒரே தடவையாக 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்தார். ஒரு நாள், சில நிமிடம், அவ்வளவுதான். பத்து நாளில் கசிவு நின்றது, வலியும் குறைந்தது. மெர்க்கல் கதிர்வீச்சுக்கு நன்றாகப் பணியும் கட்டி. ஆறு வாரம் தினமும் அலைய முடியாத முதியவருக்கு இப்படி ஒரு வழி இருப்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். கீமோ திரும்பத் தரலாமா என்றும் கேட்டோம். இரண்டாம் முறை பலன் கிடைப்பவர்கள் இன்னும் குறைவு, கிடைத்தாலும் இன்னும் குறுகிய காலம். அப்பாவிடமே கேட்டோம். "அந்த நடுக்கம் மட்டும் வேண்டாம்" என்றார். வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

வலி தணிப்பு மருத்துவரை நாங்கள் பார்த்தது கடைசி ஐந்து வாரத்தில். மார்ஃபின் சிறிய அளவில் வாய்வழி, கூடவே மலமிளக்கி. கசியும் புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் களிம்பு. ஒட்டாத வலைத்துணி மேல் பஞ்சுக்கட்டு, எடுக்கும்போது ஒட்டினால் சலைனில் நனைத்து எடுப்பது. ரத்தம் கசிந்தால் கண்ணில் உறைக்காதபடி அடர்நிறத் துண்டு. இவ்வளவையும் ஒரே மாலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நோய் தெரிந்த வாரத்திலேயே அவரைப் போய்ப் பார்த்திருக்கலாம், கீமோ எடுத்துக்கொண்டே அவரையும் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். அன்று இரவுதான் பல வாரம் கழித்து அப்பா இடது பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினார்.